நாற்பத்தோரு பாத்திகளில் விழுந்த ரேகை

பங்குனி பிறந்து மூன்றாவது புதன்கிழமை காலையில், வாருபலகையைத் தோளில் போட்டுக்கொண்டு உப்பளத்துக்குப் போன நாங்கள், சந்தனமாரியின் பாத்தியில் ஒரு கட்டைவிரல் ரேகை வரப்பிலிருந்து வரப்பு வரைக்கும் விளைந்து கிடப்பதைப் பார்த்தோம். உப்பு எப்போதும்போல வெள்ளையாகத்தான் இருந்தது. ஆனால் சமமாகப் படியாமல் வரிவரியாகக் கட்டி, ஒரு வரி அடுத்த வரியை இடிக்காமல் வளைந்து, நடுவில் சுழியாகச் சுருண்டு, வரிக்கும் வரிக்கும் இடையே விரற்கடை அளவு தண்ணீர் நிற்க, ஆகாயத்திலிருந்து யாரோ குனிந்து கைநாட்டு வைத்துவிட்டுப் போனதுபோல் இருந்தது. சந்தனமாரி வரப்பில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, "நேத்து நல்லாத்தான இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு, நின்றால் கூலி போய்விடும் என்பதால் இறங்கி வாரத் தொடங்கினாள்.

மறுநாள் எட்டுப் பாத்தியில் விழுந்தது. ஞாயிற்றுக்கிழமைக்குள் நாற்பத்தோரு பாத்தியிலும் விழுந்துவிட்டது. ஒன்றைப்போல் ஒன்று இல்லை. வாரிய பாத்தியிலும் அதே ரேகைதான் மறுபடி விளைந்தது.

யாருடையது என்ற சந்தேகம் இரண்டு நாள்தான் இருந்தது. சந்தனமாரி தன் டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து, கல்யாணமான புதிதில் ரேஷன் அட்டைக்காக உருட்டிய கைநாட்டுக் காகிதத்தை எடுத்துவந்து, வரப்பில் வைத்து ஒவ்வொரு வரியாக ஒப்பிட்டுக் காட்டினாள். அவளுடைய சுழிதான். உப்பளத்தில் பத்து வருஷம் வேலை பார்த்த பெண்ணின் விரலைத் தொட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே ரேகை என்று ஒன்றும் மிச்சம் இருக்காது. ரேஷன் கடை மெஷின் எங்கள் விரலைப் பார்த்தால் கீ கீ என்று கத்தும். கடைக்காரர் எங்களை முறைப்பார். நாங்கள் மெஷினை முறைப்போம்.

"உப்பைத் தின்னவன் தண்ணி குடிப்பான். நம்மளத் தின்ன உப்பு என்ன செய்யும்? கக்கத்தான் செய்யும்" என்றாள் உச்சிமாகாளி. எங்களில் மூத்தவள் அவள், வாயிலும் மூத்தவள். எங்கள் ஊர் நண்டுத்திட்டு முழுக்க அந்த விளக்கத்தோடு திருப்தியாகிவிட்டது, அதற்குமேல் யாரும் காரணம் கேட்கவில்லை. புருஷன்மார்கள் சாயங்காலங்களில் வந்து தங்கள் வீட்டுப் பாத்தி எது என்று பார்த்துவிட்டுப் போனார்கள். எங்கிருந்தோ ஒரு நாடி ஜோசியர் பஸ் ஏறி வந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நாற்பத்தோரு பாத்தியையும் சுற்றி நடந்து, நாற்பத்தைந்து வயதுக்குமேல் நல்ல காலம் என்று எல்லோருக்கும் ஒரே பலனைச் சொன்னார். "அது தாண்டி ஆறு வருசமாச்சே சாமி" என்று உச்சிமாகாளி கேட்டதற்கு, தட்சிணையை வாங்கிக்கொண்டு நடையைக் கட்டிவிட்டார். கங்காணி வைகுண்டம் அண்ணாச்சி உப்பை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தார், கரித்தது, அது போதும் அவருக்கு. சித்திரை முடிவதற்குள் லாரிக்காரர்கள்கூடப் பேச்சை விட்டுவிட்டார்கள்.

முதல் ரேகை விழுந்ததற்கு முந்தின நாள்தான் எஸ்தர் டீச்சர் எங்கள் நாற்பத்தோரு பேரின் பெயரையும் ஒரு நீளமான தாளில் எழுதி முடித்திருந்தார். பட்டியலில் முதல் பெயர் சந்தனமாரி. இரண்டையும் சேர்த்துப் பார்க்க அன்றைக்கு எங்களுக்கு மூளை இல்லை.

எஸ்தர் டீச்சர் எந்தப் பள்ளிக்கூடத்திலும் டீச்சர் இல்லை. தோளில் பையும் வாயில் மரியாதையுமாக வருகிற எல்லாப் பெண்களும் எங்களுக்கு டீச்சர்தான். தூத்துக்குடியில் ஒரு தொண்டு நிறுவனத்தில், மழைக்கால வைப்புத் திட்டம் என்று ஒன்றுக்குப் பொறுப்பாளராக இருந்தார். ஐப்பசியிலிருந்து மார்கழி வரை மழை அளத்தை மூழ்கடித்துவிடும், வேலை கிடையாது. அந்த மூன்று மாசத்துக்குக் கங்காணியிடம் முன்பணம் வாங்கித்தான் உலை வைப்போம். அந்த முன்பணம் தாயின் உழைப்பில் ஒருநாளும் அடையாது. மகள் பெரியவளானதும் அவளும் ஒரு பலகையைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பாள். எங்களில் ஒருத்தியும் உப்பளத்துக்கு வேலை கேட்டு வந்தவள் இல்லை. அம்மா வாங்கின அரிசிக்கு வந்தவர்கள் நாங்கள்.

வெயில் காலத்தில் நாங்கள் கொஞ்சம் கொஞ்சமாக வங்கியில் போட வேண்டும், மழைக்காலத்தில் நிறுவனம் அதற்கு இரண்டு பங்கு சேர்த்துத் திருப்பித் தரும், கங்காணி வாசலை மிதிக்க வேண்டாம். இதுதான் திட்டம். டீச்சர் அதைச் சொன்னபோது நாங்கள் சிரித்தோம். இதற்குமுன் கோழி தருகிறேன் என்று வந்தவர்கள், தையல் மெஷின் தருகிறேன் என்று வந்தவர்கள், எங்களைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனவர்கள் எல்லோரையும் பார்த்தவர்கள்தானே நாங்கள். ஆனால் இவர் மறுபடி மறுபடி வந்தார். உச்சி வெயிலில் வந்தார். சந்தனமாரி வீட்டுக் கஞ்சியைக் குடித்தார். ஒருநாள், "யக்கா, ஒங்க பூரணி காலு அந்தத் தண்ணியில படாது. நான் இருக்கேன்" என்று சொன்னார். பூரணவல்லி, சந்தனமாரியின் ஒரே மகள், பன்னிரண்டாம் வகுப்பு முடித்து நர்சிங் கல்லூரியில் இடம் வாங்கி வைத்திருந்தாள். ஐப்பசியில் சேர வேண்டும். அதே ஐப்பசியில் முன்பணம் வாங்கப் போனால் கங்காணி அவளைத்தான் கேட்பார். சந்தனமாரி அந்த வார்த்தையை முந்தானையில் முடிந்துவைத்துக்கொண்டாள்.

கணக்குத் தொடங்க விரல்ரேகை வேண்டும் என்றது வங்கி. சத்துணவுக் கூடத்தில் டீச்சர் மெஷினை வைத்து, தன் வலது கட்டைவிரலை வைத்து, "இப்படி அழுத்தணும்க்கா" என்று காட்டுவார். அந்த விரலில் மீன் அரியும்போது அரிவாள்மணை கிழித்த தழும்பு ஒன்று சாய்வாக ஓடும். அவருக்குப் பச்சை விளக்கு எரியும். எங்களுக்குச் சிவப்பு. நாற்பத்தோரு பேருக்கும் சிவப்பு. ரேகைகள் பாத்தியில் விளைந்தபோது டீச்சருக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! உப்பு அம்பாரத்தின்மேல் ஏறி நின்று போட்டோ எடுத்து, விரலளவுக்குச் சுருக்கி, லேமினேட் பண்ணி வங்கிக்குக் கொண்டுபோனார். அதிகாரி பொறுமையான மனுஷர். ஒவ்வொன்றாக மெஷினில் வைத்துப் பார்த்தார். "இவங்க ரேகைதான் மேடம், நான் இல்லேங்கல. ஆனா மெஷினுக்கு ரத்த ஓட்டம் உள்ள விரல் வேணும்" என்று கட்டாகத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ஆடி பிறந்தது. மாசக் கடைசிக்குள் கணக்குகள் தொடங்காவிட்டால் பணம் வேறு மாவட்டத்துக்குப் போய்விடும் என்று டீச்சருக்குக் கடிதம் வந்தது. அன்று மத்தியானம் அவர் சத்துணவுக் கூடத்தில் அந்த மெஷினுக்கு எதிரே, துஷ்டி வீட்டில் பிணத்தருகே உட்கார்ந்திருப்பதுபோல் உட்கார்ந்திருந்தார். தண்ணீர் கொண்டுவந்த பூரணி, சும்மா விளையாட்டாக, தன் கட்டைவிரலை மெஷினில் வைத்தாள்.

பச்சை விளக்கு எரிந்தது.

டீச்சர் அந்த விளக்கையே பார்த்தார், பிறகு பூரணியைப் பார்த்தார், பிறகு எங்களைப் பார்த்தார். நாங்களும் அதையேதான் நினைத்தோம் என்பதை மறைக்க மாட்டோம். அன்றே பழைய பட்டியலை அடித்துவிட்டுப் புதுப் பட்டியல் எழுதினோம். மகள் இருந்தவளுக்கு மகள், மகள் இல்லாதவளுக்கு மருமகள், அதுவும் இல்லாதவளுக்குத் தங்கச்சி மகள். உச்சிமாகாளிக்கு மூன்று மகள்கள். மூத்தவள் பெயரைக் கொடுத்தாள்.

பூரணிதான் எழுதியதை எட்டிப் பார்த்தாள். "டீச்சர், தொழில்ல உப்பளத் தொழிலாளின்னு போட்டிருக்கீங்க. மாணவின்னுலா போடணும்?"

"அப்படிப் போட்டா இந்தத் திட்டத்துல வர முடியாதும்மா. பேப்பர்ல மட்டுந்தான்."

"பேப்பர்தான ளா, எழுதட்டும்" என்றாள் உச்சிமாகாளி. நாங்கள் எல்லோரும் தலையை ஆட்டினோம். எங்கள் அம்மாக்கள் கைநாட்டு வைத்ததும் ஒரு பேப்பரில்தான் என்பதை அந்த நேரத்தில் எந்தச் சாமி மறக்கடித்தது என்று தெரியவில்லை.

மூன்று நாளில் நாற்பத்தோரு கணக்கு. நாற்பத்தோரு கார்டு. நிறுவனத்திலிருந்து ஆட்கள் வந்து டீச்சருக்குச் சால்வை போர்த்தினார்கள், விதிமுறைப்படி பயனாளிகளின் பட்டியலைச் சத்துணவுக் கூடச் சுவரில் ஒட்டிவிட்டுப் போனார்கள். கங்காணி அதை நின்று நிதானமாகப் படித்ததை நாங்கள் பார்த்தோம், பார்த்தும் பெரிதாக நினைக்கவில்லை.

ஆவணி முதல் வாரத்தில் பாத்திகளில் ரேகை மாறியது.

மாறியதை முதலில் கண்டவளும் சந்தனமாரிதான். சுழி இல்லை, வில்போல் வளைந்த வரிகள். வரிகளின் நடுவே, மிளகு அளவு இருக்க வேண்டியது சுளகு அளவுக்கு, உப்பே பிடிக்காத ஒரு வட்டம். ஏழு வயதில், தீபாவளிக்கு, ஓலைவெடி கையிலேயே வெடித்துப் பூரணியின் கட்டைவிரலில் விழுந்த வடு அது. சந்தனமாரி பலகையைப் போட்டுவிட்டு ஓடினாள். இருபத்தாறு வருஷத்தில் வேலை நேரத்தில் அவள் அளத்தைவிட்டு ஓடியது அன்று ஒருநாள்தான். வீட்டில் பூரணி செல்போனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள், "விரல் வச்சா தொறக்க மாட்டேங்குதும்மா" என்று. சந்தனமாரி அந்த விரலைப் பிடித்துப் பார்த்தாள். வடுவும் இல்லை, வரியும் இல்லை. கழுவிவைத்த கிண்ணம்போல் வழவழவென்று இருந்தது. ஒருநாள்கூட உப்பில் கால் வைக்காத பிள்ளை.

நாற்பத்தோரு வீட்டிலும் அப்படித்தான். பிள்ளைகள் முதலில் சிரித்தார்கள். நாங்கள் தேங்காய் எண்ணெய் தேய்த்தோம், மஞ்சள் பற்றுப் போட்டோம், மாதா கோவிலுக்கு மெழுகுவர்த்தியும் அம்மன் கோவிலுக்கு உப்பும் நேர்ந்தோம், எங்கள் ஊரில் அம்மனுக்கு எதற்கு இன்னும் உப்பு என்று பாதியில் நிறுத்திக்கொண்டோம். சான்றிதழ் சரிபார்க்க கல்லூரிக்குப் போன பூரணியை அங்கிருந்த மெஷின் ஏற்கவில்லை. ஐப்பசி பத்து வரைக்கும் பார்க்கிறோம், அதற்குள் விரலைச் சரிபண்ணிக்கொண்டு வா என்று அனுப்பிவிட்டார்கள்.

கங்காணி கத்தவில்லை, மிரட்டவில்லை. வரப்பில் குந்தி உட்கார்ந்து பீடியைப் பற்றவைத்துக்கொண்டு பேசினார். "நானா கூப்பிட்டேன்? நீங்களா எழுதிக் குடுத்திருக்கீய. செவுத்துல ஒட்டியிருக்கு. உப்பும் ஒத்துக்கிட்டு, இந்தா கெடக்கு அத்தாட்சி. தை பொறந்ததும் பிள்ளையள அனுப்பிவைங்க." அவர் விரலிலும் ரேகை கிடையாது, அவரும் அம்மா வாங்கிய அரிசிக்கு வந்தவர்தான். அதனால்தான் அவர் சொன்னது எங்களுக்கு அவ்வளவு பயமாக இருந்தது.

புரட்டாசிக் கடைசியில் மேகம் திரளத் தொடங்கியது. சந்தனமாரி சத்துணவுக் கூடத்துக்கு வந்து டீச்சரின் எதிரே நின்றாள். நாங்களும் பின்னால் நின்றோம்.

"டீச்சர், மழை எறங்கினா பாத்தியெல்லாம் கரைஞ்சு கடலுக்குப் போயிரும். பெறவு என் பிள்ளை ரேகையை எங்க போயித் தேட? மழைக்கு முந்தி அவ பேரை அடிச்சிருங்க."

"யக்கா, இன்னும் பன்னெண்டு நாள்ல பணம் ஏறிரும். அதுக்கு அப்புறம் அடிச்சிருவோம்."

"பன்னெண்டு நாள் மழை பொறுக்குமா?"

டீச்சர் மெதுவாக, "ஒரு பேரை அடிச்சா ஏன்னு கேப்பாங்க. விசாரிச்சா நாப்பத்தொண்ணும் பொய்னு தெரிஞ்சிரும். எல்லாருக்கும் நின்னுரும்க்கா" என்றார்.

அப்போதுதான் உச்சிமாகாளி முன்னால் வந்தாள். "ஏளா சந்தனமாரி, ஒனக்கு ஒண்ணு. எனக்கு மூணு. ஒருத்தி விரலு போனா மத்த ரெண்டும் திங்கும். ரேகை இல்லாம நாம சாகலியே! கார்டு இருக்கு, பணம் வரும், மூணு மாசம் அவம் முன்னாடி கை நீட்டாண்டாம். ஒம் பிள்ளை நர்சாவுறதுக்கு எம் பிள்ளையள் பட்டினி கெடக்கணுமாக்கும்?"

அவள் சொன்னதில் தப்பு இருந்தது என்று இன்றைக்கும் எங்களால் சொல்ல முடியவில்லை. சந்தனமாரி கேட்டதிலும் தப்பு இல்லை. எங்களுக்குள் அன்று வார்த்தை தடித்தது. ஒருத்தி கூந்தலை ஒருத்தி பிடிக்கும் அளவுக்குப் போனது. டீச்சர் நடுவில் நின்று விலக்கப் பார்த்தார், முடியவில்லை, சுவரோரமாகப் போய் அந்தப் பட்டியலின் கீழேயே உட்கார்ந்துவிட்டார். பூரணி அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். தன் விரலை நீட்டிக் காட்டவில்லை, குறை சொல்லவில்லை. "நீங்க பேப்பர்ல மட்டுந்தான்னு சொன்னீங்களே டீச்சர்" என்று மட்டும் கேட்டாள், அந்தச் சத்தத்திலும் எங்கள் எல்லோருக்கும் அது கேட்டது.

எங்கள் யாரிடமும் கேட்காமல் அன்று சாயங்காலமே எஸ்தர் டீச்சர் கடிதம் எழுதினார். பட்டியலில் உள்ள நாற்பத்தோரு பேரும் தொழிலாளிகள் அல்ல, பொய்யாக எழுதியது நான், எழுதச் சொன்னவர் யாரும் இல்லை, பொறுப்பு முழுக்க என்னுடையது என்று எழுதி, பட்டியலைச் சுவரிலிருந்து கிழித்து, நாற்பத்தோரு பெயரையும் குறுக்கே அடித்து, அடியில் தன் பெயரை எழுதினார். மறுநாளைக்கு மறுநாள் மழை இறங்கியது. அந்த முதல் மழையில், முற்றத்தில் நின்ற பூரணியின் கட்டைவிரலில் ஓலைவெடி வடு திரும்பி வந்தது; நாற்பத்தோரு வீட்டுப் பிள்ளைகளுக்கும் வரி வரியாகத் திரும்பி வந்தது. நாங்கள் ஒருத்தியும் குலவை போடவில்லை. கார்டுகளில் பணம் ஏறவில்லை. திட்டம் மூடப்பட்டது, டீச்சர் வேலையைவிட்டு நீக்கப்பட்டார், ஊரைவிட்டுப் போகும் அன்று எங்களிடம் சொல்லிக்கொள்ள வந்தபோது உச்சிமாகாளி மண்ணை வாரித் தூற்றினாள். நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டோம். சந்தனமாரி மட்டும் பஸ் நிறுத்தம் வரை நனைந்துகொண்டே போனாள்.

கங்காணி வாசலில் வரிசையாகப் போய் நின்றோம். சந்தனமாரி, "அண்ணாச்சி, இந்த முன்பணத்தை மூணு மழைக்கடனா எந்தலையிலயே எழுதிக்கிடுங்க. பிள்ளை பேரை எழுதாதிய" என்று சொல்லி வாங்கினாள். பூரணி கல்லூரியில் சேர்ந்துவிட்டாள். மற்ற வீடுகளில் அப்படிச் சொல்லத் தெம்பு எல்லோருக்கும் இல்லை. தை பிறந்தபோது ஏழு பிள்ளைகள் பலகையோடு வந்தார்கள். அதில் இரண்டு பேர் உச்சிமாகாளியின் பிள்ளைகள். டீச்சரைக் கோவில்பட்டி பஸ் நிலையத்தில் பார்த்ததாகப் பூரணி ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து சொன்னாள். தீப்பெட்டி ஆபீஸ் ஒன்றில் வேலையாம். அங்கே வருகைப்பதிவு மெஷின் அவர் விரலை ஏற்க மாட்டேன் என்கிறதாம், தினமும் நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு மேனேஜரிடம் பேச்சு வாங்குகிறாராம். நல்லா வேணும் என்று நாங்கள் சொன்னோம்.

மறு பங்குனியில் உப்பு விளைந்தது. பாத்தியெல்லாம் சமமாக, வரி ஒன்றும் இல்லாமல், எல்லா ஊர் உப்பையும்போல வெள்ளையாகக் கிடந்தது. ஒவ்வொரு பாத்தியாக வாரிக்கொண்டே போய், கழிவுத் தண்ணீர் வாய்க்காலை ஒட்டி யார் பங்கிலும் சேராமல் கிடக்கும் நாற்பத்திரண்டாவது பாத்திக்கு வந்தோம். அதில் ஒரு ரேகை இருந்தது. தேயாத, ஒழுங்கான வரிகள். அவற்றின் குறுக்கே, மூலைக்கு மூலை, சாய்வாக ஒரு கோடு.

நாங்கள் வரப்பில் நின்றோம். பின்னால் வந்த உச்சிமாகாளியின் நடு மகள், விவரம் தெரியாமல், வேலையை முடிக்கும் அவசரத்தில் பலகையைத் தூக்கிக்கொண்டு இறங்கப் போனாள். உச்சிமாகாளி அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"வேண்டாம் ளா. டீச்சர் இருக்காவ."

கங்காணி வந்து கத்திப் பார்த்தார். வாராவிட்டால் அத்தனை பேருக்கும் அரைநாள் கூலி கிடையாது என்றார். உச்சிமாகாளி பலகையை வரப்பில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தாள், அவள் பக்கத்தில் சந்தனமாரி உட்கார்ந்தாள், பிறகு நாங்கள் எல்லோரும் உட்கார்ந்தோம். அரைநாள் கூலி போய்விட்டது.